பன்னிரண்டு பாகத்து இரத்தம்

மூன்றாவது விளக்கு கொழும்பிலிருந்து பார்சலில் வந்த அன்று ஜெயசுதன் மறுபடியும் சவர பிளேட்டை எடுத்து விரலைக் கீறினான்.

"உனக்கு விசரண்ணை," என்றாள் தங்கை ஜெசிதா. "ரத்தம் குடுக்க அவ்வளவு ஆசையெண்டால் பிளட் பாங்குக்குப் போவன். புண்ணியமாவது கிடைக்கும்." சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் புறப்பட்டாள்.

விசர்தான், மறுப்பதற்கில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத மனிதன், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, குருநகர் வீட்டின் முன்னறையை அடைத்து நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் உயிருள்ள முருகைக்கல் வளர்த்தால் வேறென்ன சொல்வது? பண்ணையில் வளர்த்து விற்கிற பவளத் துண்டுகள், விரல் நீளம்கூட இல்லை. தண்ணீர், உப்பு, சூடு எல்லாம் சரியாக வைத்திருந்தான். வெளிச்சம்தான் அவனைப் போட்டு உலைத்தது. முதலில் ஹாட்வெயார் கடை வெள்ளை லைற்றைப் போட்டான், தொட்டி முழுக்கப் பாசி பிடித்தது. இரண்டாவது நீல விளக்கைக் குறைக்க வழியில்லை. அந்த உக்கிரத்தில் பதினொரு துண்டில் எட்டு வெளிறிச் செத்தன. மிச்சம் மூன்று. இந்த விளக்கும் பிழையாய்ப் போனால் அவையும் போய்விடும்.

வெளிச்சத்தை அளக்க ஒரு கருவி இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். ஜெயசுதனிடம் இருந்தது, பன்னிரண்டு வருடம் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடிய கண். ஆழத்தில் சிவப்பு இல்லை. கடல் முதலில் தின்பது சிவப்பைத்தான். பன்னிரண்டு பாகத்தில், அதாவது பன்னிரண்டு ஆள் ஆழத்தில், கை வெட்டுப்பட்டால் இரத்தம் கரும்பச்சையாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, விரலை விளக்கின் கீழே பிடிப்பான். இரத்தம் சிவப்பாகத் தெரிந்தால் வெளிச்சம் பிழை. அவ்வளவுதான் அவன் கணக்கு.

அந்த நிறம்தான் அவன் கால்களையும் தின்றது. நாலு வருடத்துக்கு முன், மயிலிட்டிக்கு வடக்கே கடலில், அன்றைக்கு மூன்றாம் தரம் காற்றுச் சிலிண்டரோடு இறங்கியிருந்தபோது கல்லொன்று அவன் கையைக் கிழித்தது. கூட இறங்கியவன் கூட்டாளி கொலின்ஸ். அவனுக்கு அதுதான் முதல் ஆழம். கையிலிருந்து கரும்பச்சையாகப் புகைவதைக் கண்டதும், கடற்பாம்பு கடித்து நஞ்சேறிவிட்டது என்று முடிவுகட்டினான். ஜெயசுதனைக் கட்டிப்பிடித்து ஒரே மூச்சில் மேலே இழுத்தான். இவன் திமிறினான், முகத்தில் குத்தினான். அவன் விடவில்லை. ஆழத்திலிருந்து சட்டென்று ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி நரம்பைக் கெடுக்கும், இடையிடையே தரித்து மெல்ல ஏறியிருந்தால் கால் போயிருக்காது என்றார் டொக்டர். கொலின்ஸ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பாம்பு கடிக்காட்டி ரத்தம் ஏன் பச்சையா வந்தது? நான் இழுக்காட்டி இவன் செத்திருப்பான்," என்று ஊரெல்லாம் சொன்னான். ஊரும் அவனைத் தலையில் தூக்கி வைத்தது. நாலு வருடமாக இருவருக்கும் கதை பேச்சில்லை. இழந்த கால்களைவிட அந்தக் கதைதான் ஜெயசுதனை எரித்தது.

கொலின்ஸ் கெட்டவன் இல்லை, முரடன். அடி வாங்கியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கடலில் வெளிச்சம் பாய்ச்சிக் களவாக மீன் அள்ளுகிற கூட்டம் ஒன்று அவனுடைய வலையைப் போன கிழமை துண்டு துண்டாக அறுத்திருந்தது. அவர்களுக்கு லைற் கொடுப்பவன் யாரென்று தேடித் திரிந்தான். ஜெயசுதன் வீட்டுக்குப் பார்சல் பார்சலாக லைற் வருவதாக யாரோ அவன் காதில் ஓதினார்கள். அவனுக்கு அது போதும்.

மாலை ஐந்து மணி. யன்னல்களில் படுக்கை விரிப்பைக் கட்டி அறையை இருட்டாக்கிவிட்டு, ஜெயசுதன் புது விளக்கின் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகைச் சிறுகச் சிறுகத் திருப்பினான். விரல் நுனி மண்ணிறமானது. இன்னும் கொஞ்சம். கரும்பச்சை! அவன் தனியே இருந்து சிரித்தான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

உள்நடைக் கதவு உதைபட்டுத் திறந்தது, நடையும் இருட்டுத்தான். துடுப்போடு கொலின்ஸ், பின்னால் இரும்புக் கம்பிகளோடு இரண்டு பேர்.

"ஆருக்கடா உந்த லைற்றைக் கட்டிக் குடுக்கிறாய்?"

"எனக்குத்தான். வெளியாலை போ."

துடுப்பு ஜெயசுதனின் வாயில் விழுந்தது. இரண்டு பல் நாக்கில் உருண்டது. பின்னால் நின்ற ஒருவன் விளக்கைப் பிடித்து இழுத்தான். ஒரு பக்கக் கம்பி அறுந்து, அது தொட்டிக்கு வெளியே சரிந்து தொங்கி நிலத்தில் நீலத்தைக் கொட்டியது. தொட்டி இருண்டது.

"உந்தத் தொட்டியை உடைச்சால் தன்ரை பாட்டிலை கதைப்பான்," என்று கொலின்ஸ் துடுப்பை ஓங்கினான்.

ஜெயசுதன் யோசிக்கவில்லை. நாற்காலியிலிருந்து தன்னைத் தள்ளி விழுத்தினான். மடியில் கிடந்த, தொட்டிப் பாசி சுரண்டும் கத்தி கைக்கு வந்திருந்தது. கொலின்ஸின் காலை இடக்கையால் வளைத்துப் பிடித்து, கெண்டைச் சதையில் கத்தியைப் பிடிவரை ஏற்றி உருவினான். நாலு வருடக் கோபம் அந்தக் கையில் இருந்தது. கொலின்ஸ் அலறிக்கொண்டு துடுப்பை இறக்கினான். இடுப்புக்குக் கீழே விழுந்த அடி ஜெயசுதனுக்குத் தெரியவேயில்லை. தோளில் விழுந்தது தெரிந்தது, எலும்பு முறிகிற சத்தமும் கேட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை.

அப்போதுதான் கொலின்ஸ் குனிந்து தன் காலைப் பார்த்தான். நீல வெளிச்சத்தில், பாதம் வழியே கரும்பச்சையாக வழிந்துகொண்டிருந்தது.

"பாம்படா! தொட்டிக்கை பாம்பு வளக்கிறான்! ஐயோ, கடிச்சுப்போட்டுது!"

மற்ற இருவரும் கம்பிகளைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தில் வாசல் படலையும் கழன்று விழுந்தது.

ஜெயசுதன் பிடியை விட்டுத் துப்பினான். "என்ரை வாயைப் பார். உதுவும் பச்சைதான். என்னையும் பாம்பே கடிச்சது? உன்ரை துடுப்படா கடிச்சது. உன்னைக் கடிச்சது கத்தி. வடிவாப் பார்."

கொலின்ஸ் நொண்டிப் போய் யன்னல் விரிப்பின் ஒரு ஓரத்தைப் பிய்த்து விலக்கினான். வெயில் காலில் விழுந்தது. இரத்தம் நல்ல சிவப்பு. விரிப்பால் வெயிலை மறைத்தான். கரும்பச்சை. மறுபடி விலக்கினான். சிவப்பு. விரிப்பை விட்டான், அது திரும்ப யன்னலை மூடியது.

"அண்டைக்கும்..."

"அண்டைக்கும் வெறும் கல்லுத்தான் வெட்டினது. நான் எவ்வளவு திமிறினனான். நீ விடேல்லை."

கொலின்ஸின் முகம் இடிந்து போனது. ஒரு பெரிய மனிதன் ஒரு நொடியில் அப்படிச் சுருங்குவதைப் பார்க்க ஜெயசுதனுக்கு இரக்கம் வரவில்லை, மனம் குளிர்ந்தது. கொலின்ஸ் வந்து துடுப்பை அவனுடைய நல்ல கையில் வைத்து, முன்னால் நின்றான்.

"அடி மச்சான்."

ஜெயசுதன் அடித்தான். குத்துப்படாத காலின் முழங்காலில், ஒரே ஒரு அடி. முழங்கால் சில்லு நொறுங்கிற்று. கொலின்ஸ் சத்தமில்லாமல் சரிந்து விழுந்தான். இருவரும் ஒரே நிலத்தில், கால் வழங்காமல், மூச்சு வாங்கிக் கிடந்தார்கள்.

தொட்டிக்குள் அந்த மூன்று துண்டுகளும் இருட்டில் இருந்தன.

"லைற்றை நிமித்திப் பிடி," என்றான் ஜெயசுதன். "திருகிலை கை வையாதை. கல்லு சாகப்போகுது."

கொலின்ஸ் அழுதுகொண்டே தொட்டியடிக்கு நிலத்தில் அரைந்து, இழுபட்டுப் போனான். மேசை விளிம்பைப் பிடித்து எழும்பி, குத்துப்பட்ட காலில் நின்று, விளக்கைத் தொட்டிக்கு நேரே தூக்கினான். ஜெசிதா கோயிலிலிருந்து வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றான்.