பனிக்குப் போட்ட உப்பு

ராஜலிங்கத்தின் உயிருக்குத் தோட்ட நிர்வாகம் வைத்த விலை இருநூற்றைம்பது ரூபா. சவப்பெட்டி தனி. எழுபத்தோராம் ஆண்டு விலை அது. பேரம் பேச யாரும் போகவில்லை.

முப்பது வருஷத்துக்கும் மேலே கழித்து, கட்டுகஸ்தோட்டையில் தன் பழைய சாமான் கடை முற்றத்தில் நின்று இதைக் கேட்ட நளீர் ஹாஜியாருக்கு வியாபாரி நாக்கு முந்திக்கொண்டது.

"பெட்டிக் காசக் கழிக்காம விட்டானுகளே, பெரிய மனசுதான்."

சொன்ன பிறகுதான், எதிரே நிற்பவர் செத்தவனின் அக்காள் புருஷன் என்பது உறைத்தது. "மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றார்.

சின்னமுத்து சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நெசந்தானே மொதலாளி" என்றார்.

அன்று காலைதான், ஹந்தானைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் புதர் மூடிக் கிடந்த சாம்பல் நிறச் சின்னப் பெர்குசன் டிராக்டரை நளீர் வாங்கி லொறியில் ஏற்றியிருந்தார். கண்டியில் ஒரு ஹோட்டல்காரர் அதைத் தன் வாசலில் அழகுக்கு நிறுத்த ஆசைப்பட்டார். ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை, ஓடாத வண்டிக்கு இரண்டு விலை என்று காலம் மாறிவிட்டதை நளீர் எப்போதோ கண்டுகொண்டவர். ஹோட்டல்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லாம் அசல் சாமானாக இருக்க வேண்டும். வலது பின் சக்கரத்து ரிம் பிளந்து, துருப்பிடித்துக் கறள் ஏறிக் கிடந்தது. கொழும்பிலிருந்து புது ரிம் வரவழைத்து மாட்டுவது அரை நாள் வேலை. ஆனால் மாட்டினால் விலை சரிந்துவிடும். ஆகவே உக்கிய இடத்தை வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டிங் பிடித்து, அசலை அசலாகவே காட்டியாக வேண்டும்.

டிராக்டரை லொறியில் ஏற்றக் கை கொடுத்தவர்களில் ஒருவர் சின்னமுத்து. ஒரு காலத்தில் அதன் டிரைவர். மற்றவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போக, இவர் மட்டும் லொறியில் ஏறிக்கொண்டார். "அந்த வீலத் தொறக்கையில பக்கத்துல நிக்கணும் மொதலாளி. அவ்வளவுதான்."

ஏன் என்று கேட்டதற்குத்தான் அந்தக் கதை வந்தது.

விபத்துக்கு மறுநாள்தான் சின்னமுத்துவின் மூத்த மகளுக்குக் காதுகுத்து நடக்க இருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் குத்த வேண்டும். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை இறக்க டிராக்டர் கண்டிக்கு வந்தபோது, தோடு வாங்குவதற்காக மாமன் ராஜலிங்கமும் கூட வந்தான். திரும்புகையில் மட்கார்டில் உட்கார்ந்து வந்தான். மலை ஏறும் வளைவில் பின் சக்கரம் பிளந்து, டிராக்டர் பள்ளத்துப் பக்கம் சரிந்தது. டிரைவர் வேகமாக வந்து மதகுக் கல்லில் அடித்துவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். டிராக்டர் அப்படியே ஸ்டோருக்குப் பின்னால் போனது, சின்னமுத்துவின் கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் மண்வெட்டி வந்தது.

வீட்டில் விசாரணை இல்லை, நேரே தீர்ப்புத்தான். பாலம்மா அன்றிலிருந்து புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், "அப்பாவச் சாப்பிடச் சொல்லு" என்று மகள்மாரிடம் சொல்வாள். மகள்மார் கல்யாணமாகிப் போன பிறகு பூனையிடம் சொன்னாள். வீட்டில் நடந்த ஒவ்வொரு சடங்குக்கும் தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் வெறும் பாயை விரித்து, வெற்றிலையை வைத்தாள். அப்போது மட்டும் நிமிர்ந்து புருஷனைப் பார்ப்பாள்.

"நான் கல்லுல அடிச்ச ஞாபகம் எனக்கு இல்ல மொதலாளி" என்றார் சின்னமுத்து. "ஆனா அத்தன பேரு சொல்லவும், அடிச்சிருப்பேன்னுதான் நெனச்சுக்கிட்டேன்."

வெல்டிங் வேலைக்கார ஹபீல் டயரை நெம்பிக் கழற்றினான். ரிம்மைப் புரட்டிப் போட்டவன் விசில் அடித்தான்.

"நளீர் நானா, இங்க பாருங்கோ. வெளிய மாப்புள, உள்ளுக்குச் செத்த மையத்து."

வெளிப்புறம் முப்பது வருஷத்து மழையைக் குடித்தும் கெட்டியாகவே இருந்தது. டயருக்குள் மறைந்திருந்த பக்கமோ, வால்வு ஓட்டையைச் சுற்றி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஹபீல் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். பலாப்பழத்தில் இறங்குவது போல இறங்கியது. ஓரங்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"வெறும் தண்ணி இரும்ப இப்பிடித் தின்னுமா" என்றான் ஹபீல். "அண்ணே, இத கடலுக்குள்ளயா ஓட்டினீங்க?"

"டயரு பாரமா நிக்கிறதுக்குத் தண்ணி ஊத்துவோம் தம்பி. பெரிய தொரை அதுல ஒரு உப்பையும் கலக்கச் சொல்லுவாரு. சாப்பாட்டு உப்பு இல்ல, மூட்டையில கொழும்புலேருந்து வரும். டிராக்டரோட வந்த சீமப் புஸ்தகத்துல போட்டிருக்காம். பனி காலத்துல தண்ணி ஒறஞ்சு டயரு வெடிச்சிராம இருக்க."

"கண்டியில பனியா! நாங்க ஐஸ காசு குடுத்தெல்லா வாங்குறோம்."

"அந்தத் தொரை வெள்ளைக்காரனா?" என்று கேட்டார் நளீர்.

"இல்லீங்க. வெள்ளைக்காரன் போயிட்டான். இவரு நம்ம நாட்டு ஆளுதான். புஸ்தகம்தான் வெள்ளைக்காரனோடது."

ஹபீல் சிரிக்க வாயெடுத்தான். முதலாளியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். நளீர் ரிம்மின் மேல் குனிந்திருந்தார். காலாவதிச் சாமானைப் புதுச் சாமானிலிருந்து விரலால் பிரித்தறியும் வீட்டில் வளர்ந்தவர்.

"மழை தின்டிருந்தா வெளிப்பக்கத்தத்தான் முதல்ல தின்டீக்கும்" என்றார். "இது உள்ளுக்கு இருந்து தின்ட வேல. அந்த உப்புத்தான். அண்ணே, ஒங்க காலுக்குக் கீழ சக்கரம் இருக்கல்ல. வெறும் பெயின்ட்தான் இருந்தது."

சின்னமுத்து பக்கத்தில் கிடந்த எண்ணெய்ப் பீப்பாவில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "வெட்டி எடுக்குற துண்ட எனக்குத் தருவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க மூணாம் மனுசன், கூட வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

அந்தக் கடையில் இலவசமாகப் போகும் பொருள் தேத்தண்ணி ஒன்றுதான். நளீர் துண்டைச் சாக்கில் சுற்றச் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் இருவரும் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனார்கள். பாலம்மா கதிரையைத் துடைத்துப் போட்டு, "இருங்க மொதலாளி" என்று தேத்தண்ணி கொடுத்தாள். நளீர் சாக்கைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் இரும்பைக் கையில் எடுத்தாள். பெருவிரலால் அழுத்தினாள். ஒரு ஏடு உடைந்து மடியில் விழுந்தது.

"நீங்க ஏவாரி" என்றாள். "சும்மா சொன்னா நம்ப மாட்டேன். இவரு மேல தப்பே இல்லன்னு ஒங்க ஆண்டவன் மேல சத்தியம் பண்ணுங்க."

நளீர் எத்தனையோ ஒட்டுப்போட்ட சாமானை ஒரிஜினல் என்று தள்ளிவிட்டவர்தான். ஆனால் அல்லாஹ்வின் பெயரை மட்டும் எந்தச் சரக்கோடும் சேர்த்து விற்றதில்லை. சின்னமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அந்த மனுசனின் தலைப்பாரம் இறங்கிவிடும்.

"ரிம் உள்ளுக்கு உக்கிப் போயிருந்தது அக்கா. அது அல்லாஹ் மேல சத்தியம்" என்றார் நளீர். "எவ்வளவு வேகத்துல வந்தாரெண்டு நான் காணல்ல."

சின்னமுத்துவின் தலை குனிந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நளீர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்.

பாலம்மா திரும்பினாள். பூனை அடுப்படியில் படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"வேகமாத்தான் வந்தீங்களா?"

"வந்தேன். இருட்டுறதுக்குள்ள வந்து சேரணும்னு..."

"யாரு சொன்னா?"

அவர் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. இத்தன வருஷமா அத மட்டும் சொல்லாமத்தானே இருக்கீங்க. தோடு வாங்கிட்டு வாடான்னு தம்பிய ஏத்தி விட்டது யாரு? வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருங்கன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் சொன்னது யாரு?"

"அத விடு புள்ள."

"விட மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் திட்டியிருந்தா, 'நீதானே வேகமா வரச் சொன்ன'ன்னு நீங்க திருப்பிச் சொல்லியிருப்பீங்க. அதுக்குப் பயந்துதான் நான் பேசவே இல்ல."

பக்கத்துக் காம்பரா வீட்டில் யாரோ வானொலியை அணைத்தார்கள். சின்னமுத்து நிலையிலிருந்து கையை எடுத்து, உள்ளே வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

பாலம்மா மடியில் கிடந்த கறள் தூளை முற்றத்தில் தட்டிவிட்டு, கடையில் சாமான் கணக்குப் பார்க்கிறவளைப் போல நளீரைப் பார்த்தாள்.

"இந்தத் தப்புல, உப்புப் போடச் சொன்னவருக்குப் பாதி. இவருக்குக் கால். எனக்குக் கால். சரிதானா மொதலாளி?"

எவர் போட்ட கணக்கிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விடாத நளீருக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. "சரிதான் அக்கா."

"எங்க ரெண்டு பேரு பங்கையும் நாங்க கட்டி முடிச்சிட்டோம்" என்றாள். "அந்தப் பாதிதான் இன்னும் வரல."