கல்யாணத்துக்கு முந்தைய ஓர் அடி

கை வருகிறது, சீனி வாசனையோடு வருகிறது, முட்டை வெள்ளைக்கருவையும் முந்திரிப் பொடியையும் அடித்துக் கலக்கிய கை, விரல் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும், என் இடது காதில் அது வந்து விழும்போது சத்தமே கேட்பதில்லை, கொஞ்சம் கழித்துத்தான் கேட்கும், வேறு யாருக்கோ விழுந்ததுபோல, இது எப்போது விழுந்தது, கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், பிந்தி, அப்படியானால் உதவாது, தள்ளி வை, அடுத்ததை எடு. அடுத்தது அவன் பேக்கரியில் மக்ரூன் அடுக்கும் இரும்புத் தட்டு, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினான், தோல் தட்டோடு போயிற்று, அதுவும் பிந்தி. அதற்கடுத்தது சமையலறைத் தொட்டி, தலைமுடியைச் சுற்றிப் பிடித்து விளிம்பில் மோதினான், பல் ஒன்று தண்ணீரோடு ஓடிவிட்டது, பிந்தி. வயிற்றில் உதைத்தது, அதைப்பற்றி நான் பேசுவதில்லை, அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ பெயர் வைக்கவோ யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அதுவும் பிந்தி, எல்லாமே பிந்தி, ஒரு பெண்ணை இத்தனை விதமாக அடித்தவன் கல்யாணத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவை அடித்திருக்கக் கூடாதா, பாவி.

இப்படித் தேடச் சொன்னது ஆயர் இல்லத்தில் கல்யாண வழக்குகளை விசாரிக்கிற சாமியார், நல்ல மனுஷர்தான், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினார். கோர்ட்டில் எனக்கு விவாகரத்து கிடைத்துவிட்டது, ஆனால் கோர்ட் போட்ட முடிச்சைத்தான் கோர்ட் அவிழ்க்கும், பீடத்துக்கு முன்னால் விழுந்த முடிச்சு அப்படியே இருக்கிறது, என் சபைக்கு நான் இன்னும் கஸ்பாரின் மனைவி, சாகும்வரைக்கும். அந்த முடிச்சு விழவே இல்லை என்று காட்டினால் மட்டும் வழி உண்டாம், தாலி கட்டின அன்றைக்கே அவன் ஒரு பெண்ணோடு வாழத் தகுதியில்லாதவனாக இருந்தான் என்று காட்டவேண்டுமாம். அப்புறம் அடிச்சதெல்லாம் பெரிய துயரம்தாம்மா, நான் இல்லங்கல, ஆனா அது அப்புறம், முன்னால ஏதாவது உண்டுமா, ஓர் அடி, ஒரு மிரட்டல், பாத்த சாட்சி யாராவது, நல்லா யோசிச்சிட்டு வாங்க, என்றார். நான் என் முழங்கையை மேசைமேல் வைத்தேன், அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், இது கல்யாணத்துக்கு அப்புறம் உள்ளதுல்லா, என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் கிருபாவதியிடம் வாய்விட்டுச் சொன்னேன், மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவள், சி.எஸ்.ஐ.காரி, நான் உங்க கோயிலுக்கே வந்துரட்டுமா என்று. அவள் அவர்கள் கோயில் போதகர் ஐயரிடம் கேட்டு வந்தாள், கோர்ட் தீர்ப்பு போதுமாம், உன்னை உன் பேரிலேயே சேர்த்துக்கொள்வாராம், யாருக்கும் பெண்டாட்டியாக இல்லாமல். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது, நான் எதற்குப் போகவேண்டும், சின்ன வயசில் முதல் நன்மை அப்பம் வாங்கின கோயில் அது, மாதா கெபியில் எந்த மூலையில் மெழுகுவர்த்தி வைத்தால் காற்றில் அணையாது என்பதுவரை எனக்குத் தெரியும், நான் வெளியே போவேன், அவன் முதல் வரிசையில் முழங்காலில் நிற்பான், திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவான், அதே கையால் நன்மையும் வாங்குவான், அந்தக் கை எங்கேயிருந்து வருகிறது என்று அவனை ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தானே, அடித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு ஜெபமாலையை எடுப்பான், நான் வீங்கின வாயோடு மறுமொழி சொல்லவேண்டும், குரல் தேய்ந்தால் சுவரில் சிலுவையோடு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டுவான், அவர் பட்டதவிட நீ என்ன பெருசா பட்டுட்ட. அந்தச் சுரூபத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆண்டவர்மேல் இரக்கம் வந்ததுபோய், இவரையும் யாரோ இந்த வீட்டில் வைத்துத்தான் அடித்திருக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

கிருபாவதியோடு அவள் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், சும்மா பார்த்துவிட்டு வரத்தான், வெள்ளைச் சுவர், நீள நீளமான பெஞ்சுகள், பீடத்துக்குப் பின்னால் ஒரு மரச்சிலுவை, அதில் ஆள் இல்லை, இறக்கிவிட்டார்கள், நல்லது என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக் கை தூக்கினேன், சுற்றிலும் யாரும் போடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டேன். மாதா இல்லை, அழ வேண்டுமென்றால் யாரைப் பார்த்து அழுவார்கள் இவர்கள், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தா. அப்போது ஐயர் கல்யாண ஓலை வாசித்தார், யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண், இரண்டாம் முறை அறிவிக்கிறேன், தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே சொல்லக்கடவர்கள் என்றார், இங்கேயும் இது உண்டா என்று நான் நிமிர்கிறேன், நிமிர்ந்த இடத்தில் ஐயர் இல்லை, வெள்ளைச் சுவர் இல்லை, எனக்கு இரண்டாம் ஓலை வாசித்த வாரம் நிற்கிறது, அப்பாவோடு கஸ்பாரின் வீடு பார்க்கப் போயிருக்கிறேன், பேக்கரிக்குப் பின்னால் உள்ள வீடு, முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், சமையலறையில் ஒரு சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல, ஒரே ஒரு சத்தம். பிறகு அவன் அம்மா இஞ்ஞாசியம்மா காப்பித் தட்டோடு வருகிறாள், சிரிக்கிறாள், ஒரு கன்னம் மட்டும் சிவந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக் காதில் கம்மல் இல்லை, காது மடலில் பொட்டாக ரத்தம், பின்னாலேயே கஸ்பார் மக்ரூன் தட்டை நீட்டிக்கொண்டு வருகிறான், எடுத்துக்கோங்க மாமா, இன்னைக்குப் போட்டது. அப்பா பார்த்தார், பார்த்தார் என்று எனக்குத் தெரியும், அவர் கண் அந்தக் காதில் போய் நின்று திரும்பியது, ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டு, நல்ல பதம் என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தச் சத்தத்தைப் பற்றி நான் கேட்டேன், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார், கொஞ்சம் கோவக்காரப் பய, கல்யாணம் ஆனா சரியாயிருவான். அவ்வளவுதான், அடி இருந்தது, கல்யாணத்துக்கு முந்திய அடி, முழுசாக, ரத்தத்தோடு, இத்தனை நாளும் என் கன்னத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன், அது இன்னொருத்தி கன்னத்தில் இருந்தது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி சாட்சி அவள் ஒருத்திதான். சனிக்கிழமை ஜெபத்துக்கு அவள் கெபிக்கு வருவாள் என்று தெரியும், போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன், அத்தை, கல்யாணத்துக்கு முந்தி உள்ளதத்தான் சாமி எழுதுவாராம், நீங்க ஒரு நாள் ஆயர் இல்லத்துக்கு வந்து அந்தக் காப்பி கொண்டுவந்த அன்னைக்கு நடந்தத மட்டும் சொன்னாப் போதும், நான் கோயில விட்டுப் போகாண்டாம், என்றேன். அவள் மாதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஜெபமாலை மணி நகரவில்லை, என் பக்கம் திரும்பவே இல்லை, எழுந்து போய்விட்டாள். மகனை விட்டுக்கொடுப்பாளா என்ன, நானும் ஒரு மடச்சி. மறுநாளே கிருபாவதியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த ஞாயிறு வந்து சேர்ந்துகொள்கிறேன், ஐயரிடம் சொல்லிவை, ஆயர் இல்லத்துக்கு ஒரு தடவை போய், சாட்சி இல்லை சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், அவர் விசிறியைத் திருப்பி வைத்ததற்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

போனேன், சொல்ல வாயெடுக்கும்போது கதவு திறந்தது, இஞ்ஞாசியம்மா நின்றாள், மேலுதடு கிழிந்து வீங்கியிருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது, சாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். இது இன்னைக்கு உள்ளது சாமி, இங்க வரப் போறேன்னு தெரிஞ்சிட்டு அவனுக்கு, இத எழுதாண்டாம், இது பிந்தி உள்ளதுல்லா, என்று அவள் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், ஒவ்வொன்றாகச் சொன்னாள், அன்றைக்குக் காப்பியில் சீனி கூடிப்போயிற்றென்று அறைந்தான், சம்பந்தக்காரர்கள் முன்னறையில் இருக்கிறார்களே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், கம்மல் அம்மிக்கு அடியில் போய்விட்டது, அவர்கள் போனபிறகுதான் தேடி எடுத்தாள். இதுக்கு முன்னாலயும் அடிப்பானா என்று சாமியார் கேட்டார். மீச மொளைக்கதுக்கு முந்தியே அடிப்பான் சாமி, அவிய அப்பா எந்த எடத்துல அடிப்பாவளோ அதே எடத்துல அடிப்பான். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட ஏன் சொல்லல, மூணு ஓலை வாசிச்சோமேம்மா. இவ வந்துட்டான்னா எனக்கு விழாதுன்னு நெனச்சேன் சாமி, என்றாள், கொஞ்ச நாளு விழவும் இல்ல. சாமியார் எழுதவில்லை, பேனா தாளில் ஊன்றி மை பரவிக்கொண்டிருந்தது. இவ அவனுக்குப் பெண்டாட்டி இல்லன்னு எழுதிக் குடுப்பிய, நான் அவனுக்கு அம்ம இல்லன்னு எழுதிக் குடுப்பியளா சாமி, என்று கேட்டாள். அவர் பேனாவை மூடினார், இந்தச் சாட்சி நல்ல சாட்சி, ஆனாலும் மேலே இன்னொரு விசாரணை உண்டு, நாளாகும், பொறுமையாக இருக்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

வெளியே வெயில், வேப்பமரத்தடியில் நிற்கிறோம், எனக்குக் காது இரைகிறது, கொஞ்ச நாளு விழவும் இல்ல, கொஞ்ச நாளு விழவும் இல்ல, அந்தக் கொஞ்ச நாளில்தான் என் பல் போயிற்று, அந்தக் கொஞ்ச நாளில்தான் என் வயிறு போயிற்று, நான் அலறும்போது இவள் அடுத்த அறையில் காது நிறையத் தூங்கியிருக்கிறாள், இவள் கேட்கிறாள், பிள்ளே, நீ வேற கோயிலுக்குப் போறன்னு சொன்னாவளே, அங்க என்னைய மாதிரி ஆளையும் சேத்துப்பாவளா, கேட்டு முடிக்கும் முன்னால் என் கை மேலே போய்விட்டது. என் கைதான், மருந்து வாசனை அடிக்கிற என் வலது கை, தலைக்கு மேலே நிற்கிறது, இறங்கத் துடிக்கிறது, இறங்கினால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது, அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தெரிகிறது. இஞ்ஞாசியம்மா விலகவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையை எடுத்துச் சுருட்டி, கிழிந்த உதட்டுக்குள் தானே திணித்துக்கொண்டு, கன்னத்தைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக் கொடுத்து நின்றாள். கை அவள் கன்னத்தைத் தொடாமல் எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. அவள் வாயிலிருந்து அந்தத் துணியை இழுத்து எடுத்தேன், ரத்தமும் எச்சிலுமாக இருந்தது, ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஸ்டாப்புல நில்லுங்க அத்தை, என்றேன்.