சித்தப்பா, பச்சை ரெக்சின்

கடைக்குள் நுழைந்ததும் அம்மா கைப்பையைத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்டா." எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது. "பரவால்லம்மா, நான் படிச்சுச் சொல்றேன்" என்றேன். அவ்வளவு கனிவாக நான் பேசி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அங்கே படிக்க நிறைய இருந்தது. பழைய மேசை நாற்காலிகளும் மறந்துபோன சாமான்களும் விற்கிற கடை. முன்பு டயர் கிடங்காக இருந்த நீளமான கூடம். ரப்பர் வாசம் இன்னும் மிச்சமிருந்தது. பீரோக்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவை போலச் சுவரைப் பார்த்து நின்றன. ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. அதில் கடைக்காரர் தன் கையால் மூன்று வரி எழுதியிருப்பார்: என்ன பொருள், என்ன குறை, ஏன் விற்கப்பட்டது. மூன்றாவது வரிக்குப் பதில் சொல்லாவிட்டால் பொருளை வாங்க மாட்டார். "காரணம் இல்லாம யாரும் எதையும் விக்கறதில்ல தம்பி. பொய் சொல்றதா இருந்தா இப்பவே தூக்கிட்டுப் போயிடுங்க" என்பார். என்னிடம் அப்படித்தான் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பொருளை அவரிடம் விற்றவன் நான். அதைத் திரும்ப வாங்கத்தான் அம்மாவோடு வந்திருந்தேன்.

அந்தப் பொருளின் பெயர் சித்தப்பா.

பச்சை ரெக்சின் போட்ட ஒற்றை சோபா, கால்களில் சின்னச் சக்கரங்கள். எங்கள் நிஜமான சித்தப்பா, அப்பாவின் தம்பி, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடு இருந்தார். வீட்டில் இருந்தார் என்பதைவிட அந்த சோபாவில் இருந்தார் என்பதே சரி. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அவர் படித்து முடித்த செய்தித்தாள், எங்கள் கைக்கு வரும்போது அம்மை போட்டது போலிருக்கும். சோபாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. சித்தப்பாவத் தொடைச்சு வை. சித்தப்பா மேல ஈரத் துண்டப் போடாதே. ஒரு முறை சக்கரம் கழன்றபோது அப்பா யாரிடமோ போனில் "சித்தப்பாவுக்குக் கால் போச்சு" என்று சொல்லப்போக, மறுநாள் இரண்டு குடும்பங்கள் பழப்பையோடு வந்து நின்றன. சித்தப்பாவே எழுந்துபோய்க் கதவைத் திறந்து, நொண்டாமல் நடந்துவந்து, பழங்களை வாங்கிக்கொண்டார்.

கடைசி நான்கு மாதம் அந்த சோபா அப்பாவுக்குப் போனது. படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தால்தான் கண் அசரும். சித்தப்பா பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார். ஒரு மத்தியானம், அதில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார்.

அடுத்த இருபது நாளில் ஒரு நாள் அம்மா சமையலறை வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "சித்தப்பாவ எங்கயாச்சும் அனுப்பிடுடா. என்னால பார்க்கவே முடியல."

கல்லூரியில் நான் தமிழ்தான் படிக்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களையும் பலமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன். 'இருக்கு' என்றோ 'இருக்காரு' என்றோ ஒரு சொல் எங்காவது விழுந்திருந்தால் போதும், அஃறிணையா உயர்திணையா என்று தெரிந்திருக்கும். விழவில்லை. அப்பாவின் சாயலில் ஓர் ஆள் எந்நேரமும் கண்முன் நடமாடுவது அவளுக்குத் தாங்கவில்லை என்று நானே பொருள் எழுதிக்கொண்டேன். நேராக மொட்டை மாடிக்குப் போனேன். சித்தப்பா அப்பாவின் சட்டைகளைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு நினைக்கறாங்க, சித்தப்பா."

கிளிப்பை மாட்டியபடியே கேட்டார். "அண்ணியே சொன்னாங்களா?"

"ஆமா."

அவர் மீதிச் சட்டைகளையும் சுருக்கம் நீவி உலர்த்தினார். மறுநாள் காலை, அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் ஒரே ஒரு பையோடு போய்விட்டார்.

மூன்றாம் நாள் அம்மா சோபாவைக் காட்டி, "சித்தப்பா இன்னும் இங்கயேதான் இருக்கு. அனுப்பச் சொன்னேன்ல?" என்றாள். அந்த 'இருக்கு' மூன்று நாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அம்மா அவரைத் திட்டத் தொடங்கியிருந்தாள். "அண்ணன் போய் ஒரு மாசம் ஆகல, பையத் தூக்கிட்டாரு மனுஷன்." அழுகையைவிடத் திட்டு அவள் உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே வைத்தியம் எழுதிக்கொண்டேன். சோபாவை இங்கே கொண்டுவந்து தள்ளினேன். மூன்றாவது வரிக்காகக் கடைக்காரர் பேனாவோடு காத்திருந்தபோது, வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

போன வாரம் அம்மா கேட்டாள். "அந்த சோபாவ யார்கிட்ட குடுத்த? இப்ப பார்த்துடுவேன்னு தோணுது. அது இருந்தா, ஒரு நாளாச்சும் உன் சித்தப்பா வந்து உக்காருவாரு."

"அவருதான் வர்றதே இல்லையே."

"கூப்பிட்டாத்தானே வருவாரு. கூப்பிட ஒரு சாக்கு வேணாமா?"

ஆகவே என் திட்டம் எளிமையானது. அம்மாவுக்கு முன்னால் சோபாவைக் கண்டுபிடித்து, சீட்டைப் பிய்த்து, தேவைப்பட்டால் விழுங்கிவிடுவது. ஆனால் அந்தக் கடையில் யாராலும் நேராக நடக்க முடியாது. நான் இரண்டு வரிசை தாண்டுவதற்குள் அம்மா ஒரு மர ரேடியோவின் முன் நின்றுவிட்டாள். "இதுல என்னடா எழுதியிருக்கு?" திரும்பிவந்து படித்தேன். 'ரேடியோ. பாடாது, சூடாகும். அண்ணன் தம்பி சொத்தைப் பிரித்தபோது இருவரும் வேண்டாம் என்றது.' அம்மா அதன் குமிழைத் திருகி, திருகிய இடத்திலேயே விட்டாள். அடுத்து தையல் மெஷின். 'மிதி இறுகும். கண் தெரியவில்லை.' அதன் மிதியில் காலை வைத்து இரண்டு மிதி மிதித்தாள். மாதிரி பொம்மைக்குப் போட்ட தொப்பி ஒன்றைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அப்பா போனபிறகு அவள் ஒரு பொருளை விளையாட்டாகத் தொட்டு நான் பார்ப்பது அதுதான் முதல்தடவை. தொப்பியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பு டெலிபோன் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஓட்டையில் விரலை விட்டு ஐந்து முறை சுழற்றினாள். சக்கரம் ஒவ்வொரு முறையும் கறகறவென்று, அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது.

"அப்பாவோட ஆபீஸ் நம்பர்" என்றாள். "ரெண்டு ஒன்பது வரும். சண்டை போடணும்னுதான் ஆரம்பிப்பேன். அந்த ரெண்டாவது ஒன்பது சுத்தி வர்றதுக்குள்ள பாதிக் கோவம் போயிடும்."

பிறகு ஒரு தொட்டில். அதன் சீட்டில் இரண்டு வரிதான் இருந்தது. மூன்றாவது வரியின் இடம் வெறுமையாக இருந்தது. "ஏன் வித்தாங்கன்னு போடலையே" என்றேன், கொஞ்சம் உரக்கவே. கடைக்காரர் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அம்மா தொட்டிலின் விளிம்பைத் தொட்டாள், ஆட்டவில்லை.

இந்த இடைவெளியில் நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஓடியிருந்தாலும் பயனில்லை. தொட்டிலுக்குப் பின்னால் சுவரோரமாக, பச்சையாக, அது இருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

அருகே போய் நின்றாள். உட்காரவில்லை. அப்பாவின் தலை பட்டுப் பட்டு ரெக்சின் வெளுத்திருந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், "படி" என்றாள்.

சீட்டைக் கையில் எடுத்தேன். "ஒற்றை சோபா, பச்சை ரெக்சின். வீட்டில் அழைக்கும் பெயர் சித்தப்பா" என்று படித்தேன். அம்மாவின் உதடு லேசாக விரிந்தது. "பின்னங்கால் சக்கரம் ஒன்று திரும்பாது." நிறுத்தினேன்.

"அப்புறம்?"

'இடம் போதவில்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடைக்காரர் எங்களைப் பார்க்கவில்லை. எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடி வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைக் கூப்பிடுவாள். அவரும் வந்து உட்காருவார். 'அண்ணியே சொன்னாங்களா' என்று அவர் மறுபடி யாரிடமும் கேட்க மாட்டார். சாகும்வரை அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள்.

தொப்பியைக் கழற்றினேன். படித்தேன். "அம்மா அனுப்பச் சொன்னது இதை. மகன் அனுப்பியது ஆளை."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தது என்பது அவள் கை சோபாவிலிருந்து இறங்கியபோது தெரிந்தது.

"என்ன சொல்லி அனுப்பின?"

"நீ தனியா இருக்க நினைக்கறதா."

"என் பேரச் சொல்லியா?"

"ம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'அண்ணியே சொன்னாங்களா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எட்டு மாசமா அவர வாய்க்கு வந்தபடி பேசினேன்" என்றாள், ஏதோ கணக்குப் போடுகிறவள்போல மெதுவாக. "நீயும் கூடச் சேர்ந்து பேசின."

"ரெண்டு தடவதான்மா."

"மூணு."

கடைக்காரர் வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, சோபாவை வாசல்வரை உருட்டித் தந்தார். சின்ன வண்டி ஒன்றையும் அழைத்துக் கொடுத்தார். "வீட்டுக்குத்தானேம்மா?" என்றார் வண்டிக்காரர். "இல்ல" என்றாள் அம்மா. தபால் அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் சந்து, மூன்றாவது கட்டடம், மாடி அறை என்று திருத்தமாகச் சொன்னாள். எனக்கே தெரியாத விலாசம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திட்டறதுக்கு விலாசம் தெரிய வேணாமா?" என்றாள். நாங்களும் ஏறிக்கொண்டோம். வண்டி வெகுதூரம் போனபிறகு, "ரெண்டு தடவ அந்தச் சந்து முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்" என்றாள்.

சந்துக்குள் வண்டி நுழையவில்லை. இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார். நாங்கள் இருவரும் சோபாவைத் தள்ளினோம். திரும்பாத சக்கரம் தரையைக் கீறிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. மூன்றாவது கட்டடத்தின் கீழே வந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

"நான் போய்க் கூப்பிடட்டுமா?"

"நீ வாயத் திறக்காத" என்றாள்.

அவளே கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சோபாவை மாடி ஜன்னலைப் பார்க்கிற மாதிரி திருப்பினாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா போனபிறகு முதல்முறையாக அதில் உட்கார்ந்தாள். நடுச்சந்தில் உட்கார்ந்திருந்த அவளை, ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே ஒரு சைக்கிள். ஒன்றன்பின் ஒன்றாக இருசக்கர வண்டிகள் வேகம் குறைத்து வளைந்து போயின. அம்மா அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.