மேக் ஏறாத பெட்டி

எதையும் தன் கையால் பிரித்துத் தன் கையால் பூட்டாவிட்டால் சோறு இறங்காத ஜன்மங்கள் உண்டு. அந்த லிஃப்ட் மெக்கானிக் அப்படிப்பட்டவர். அவர் மனைவியோ சினிமா எடிட்டர். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது பழைய டைரக்டர் ஒருவர் கூப்பிட்டு, ஒரு முழுப் படத்தையே தருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தின் எடிட்டிங் ப்ராஜெக்ட் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். வீட்டில் மேக் இல்லை, வாங்குகிற நிலைமையும் இல்லை.

“மேக்குன்னா என்ன, வானத்துலேருந்து குதிச்சதா? கம்ப்யூட்டர் பெட்டிய நான் கட்டுறேன். மேக் ஓஎஸ்ஸ அதுல ஏத்திடலாம்” என்றார் மெக்கானிக்.

கட்டினார். போர்டு, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஒயர்களை வாரிப் பின்னல் போட்டதுபோல் இழுத்துக் கட்டி, ஒரு தூசி இல்லாமல் நிறுத்தினார். பென்டிரைவிலிருந்து மேக்கை ஏற்றவும் செய்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடின. தானாக அணைந்து, தானாக எழுந்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில், வாங்க உட்காருங்க என்று வரவேற்க வேண்டிய நேரத்தில், பொட்டென்று திரை இருண்டது.

இருண்ட மறுகணமே மெக்கானிக்கின் கை சுவிட்சில் இருந்தது. அது அவர் தொழில் பழக்கம். விளக்கு அணைந்த லிஃப்ட் ஒரு அடிகூட நகரக்கூடாது. முதலில் கரண்டை வெட்டு, பேச்செல்லாம் அப்புறம். அந்தப் பழக்கத்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல நாம் யார்?

“ஏங்க, கொஞ்சம் விட்டுப் பாக்கலாமே?”

“கண்ணு தெரியாம ஓடுற மெஷின ஓட விடுறதா? கார்டு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சும்மா இரு.”

அவர் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்குக்குள் புகுந்தார். ஒன்றை அணைத்தார், இன்னொன்றை எரியவிட்டார். இன்டர்நெட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், அத்தனையும் செய்தார். ஒவ்வொரு முறையும் எழுத்து ஓடும், திரை இருளும், அவர் கை சுவிட்சுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் மனிதர் முகமே சுண்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் டைரக்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் படம் வேறு எடிட்டருக்குப் போய்விடும்.

இன்னொரு முறை பெட்டியை எழுப்பிய நேரம் அவர் போன் அடித்தது. எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

“போய்ட்டு வந்துடுறேன். இருட்டாச்சுன்னா நிறுத்திடு” என்றபடி டூல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இருட்டாயிற்று. அவள் நிறுத்தவில்லை. தைரியத்தால் அல்ல, அலுப்பால். கையைத் தூக்கவே மனமில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் நம்பிக் கூப்பிட்டார், அதுவும் இப்படிப் போகிறதே. டைரக்டரிடம் எந்த வாயால் முடியாது என்பது? மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“வெல்கம்” என்றது ஒரு குரல்.

தூக்கிவாரிப் போட்டது. அறையில் யாருமில்லை. மகள் அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் பேசியது: திரையைப் பார்க்க முடியாதவரா நீங்கள், இந்தப் பட்டனை அழுத்துங்கள், எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்கிறேன்.

“அடிப்பாவி! உயிரோடதான் இருக்கியா?” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து டைரக்டரின் போன்.

“என்னம்மா, மெஷின் ரெடியா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு, தப்பா நினைக்க மாட்டேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். மை பூசினாற்போல் கறுப்பு. குரலோ மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தது.

“ரெடி சார். படம் இருக்குற ஹார்ட் டிஸ்க்க அனுப்பிடுங்க” என்றாள். சொல்லிவிட்டு, ஐயோ என்ன சொல்லித் தொலைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் திரும்பி வந்து, இருண்ட திரையைப் பார்த்ததும் பாய்ந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தொட்டீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். காது குடுத்துக் கேளுங்க.”

கேட்டார். வாயைப் பிளந்தார். மேக் எப்போதோ ஏறி உட்கார்ந்து, யாரும் எதையும் தொடாததால் தானே வாய்திறந்து வரவேற்றுக்கொண்டிருக்கிறது. படம் மட்டும்தான் வரவில்லை. அப்படியானால் மேக் எழுந்ததும் அது வேறெங்கோ போகிறது. பெட்டியின் பின்னால் குனிந்தார். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் மானிட்டருக்கு இன்னும் சில துளைகள் இருந்தன. பின்னல் போட்ட ஒயர்க்கட்டை அறுத்து, மானிட்டர் கேபிளை உருவிப் பக்கத்துத் துளையில் செருகினார். திரை பளிச்சென்று விழித்து, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டது.

“அப்போ இவ்வளவு நேரமும் இது நல்லாத்தான் இருந்திருக்கு. எழுந்திரிக்க எழுந்திரிக்க நான்தான் மண்டையில போட்டிருக்கேன்” என்றார் தரையில் உட்கார்ந்தபடியே.

“சரி விடுங்க. டிஸ்க் வர்றதுக்குள்ள சாஃப்ட்வேர ஏத்தணும். எழுந்திரிங்க.”

டிஸ்க் வந்தது. ப்ராஜெக்ட் ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது. முதல் காட்சியில் ஒரு கிழவர் கதவைத் திறந்து வெளியே பார்க்கிறார். அவள் அதை ஓடவிட்டாள், திரும்ப ஓடவிட்டாள். எங்கே வெட்டுவது என்று விரல்கள் தயங்கின. இவளுக்கு உள்ளுக்குள் இருந்த பயம் பெட்டி ஓடுமா என்பது மட்டுமா என்ன? மூன்றாம் முறை, கிழவரின் கண் திரும்பும் இடத்தில் விரல் தானாக விழுந்தது. அடுத்த ஷாட்டை ஒட்டினாள். ஓடவிட்டாள். ஒட்டு போட்ட இடமே தெரியவில்லை.

“கை மறக்கலைங்க” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மெக்கானிக்குக்கு எடிட்டிங்கில் ஒரு மண்ணும் தெரியாது. “இன்னொரு தடவை போடு” என்று நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.