செயலாளரின் தள்ளாட்டம்

துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த கோவிந்தசாமி, சிராங்கூன் ரோட்டு மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். கள் ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே போதை மோட்டார் சைக்கிள்தான். 1961-இல், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து பழைய ஜெர்மன் வண்டியை வாங்கினார். அதில் சங்கிலி கிடையாது. இன்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை ஓர் இரும்புத் தண்டு சுழன்று வண்டியை ஓட்டும்.

"சங்கிலி இல்லாததால எண்ணெய் போடற வேலை இல்ல, இறுக்கற வேலை இல்ல. தொடவே வேணாம் லா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். சொன்னபடி இரண்டு வருஷம் தொடவும் இல்லை.

மூன்றாம் வருஷம் வண்டி ஆட ஆரம்பித்தது. வளைவுகளில் பின்பக்கம் தனக்கென்று ஒரு வழி பார்த்துக்கொண்டது. கோவிந்தசாமி முதலில் ரோட்டைத் திட்டினார், பிறகு டயரை. கடைசியில் பின்னால் இருந்த மனைவி மங்களத்திடம், "கொஞ்சம் அசையாம உட்காரேன்" என்றார். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

அதற்குள் விஷயம் சங்கத்துக்கு எட்டிவிட்டது. தலைவர் அழகப்பன் கூட்டத்தைக் கூட்டினார்.

"கிராணி, நேத்து பஃபலோ ரோட்டு முனையில நீங்க தள்ளாடிப் போனதை நானே பார்த்தேன்."

"நான் இல்லீங்க, வண்டிதான் தள்ளாடுச்சு."

"குடிச்சவங்க ரோடு ஆடுதும்பாங்க. நீங்க வண்டிங்கறீங்க."

கோவிந்தசாமிக்குக் காது சிவந்தது. நேராக மெக்கானிக் நூருல் அமீனின் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். நூருல் அமீன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். உள்ளே 'டொக்' என்றது.

"சக்கரத்தைத் தாங்குற கை இருக்குல்ல கிராணி, அது மேலயும் கீழயும்தான் அசையணும். பக்கத்துல ஆடுது. அந்தக் கையை மாட்டியிருக்கற அச்சுல ரெண்டு பேரிங்கும் தேஞ்சு போச்சு. கிரீஸ் எப்ப வச்சீங்க?"

கோவிந்தசாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

பேரிங் வந்து சேர மூன்று வாரம் ஆனது. கழற்றிய பழைய வளையத்தில், உருளைகள் உட்கார்ந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. நூருல் அமீன் புதியதை ஏற்றி, கிரீஸ் அடைத்து, ஆடாமலும் இறுகாமலும் திருகி வைத்தார். அன்று சாயங்காலமே அழகப்பனையும் கமிட்டியையும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வரிசையாக நிற்க வைத்து, கோவிந்தசாமி அவர்கள் கண் முன்னே ஓட்டிக் காட்டினார்.

பின்பக்கம் ஒழுங்காகத்தான் வந்தது. இப்போது முன்பக்கம் ஆடியது.

அழகப்பன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாதி தெளிஞ்சிருக்கு."

கூட வந்திருந்த நூருல் அமீன் தலையில் கை வைத்தார். அந்த ஜெர்மன் வண்டியில் முன் சக்கரத்துக்கும் அதே மாதிரி ஒரு கை, அதே மாதிரி ரெண்டு பேரிங். மறுபடியும் மூன்று வாரம். இந்த முறை கோவிந்தசாமி பட்டறையிலேயே நின்று, வேஷ்டியில் கிரீஸ் அப்ப, ஒவ்வொரு பேரிங்கையும் விரலால் சுழற்றிப் பார்த்தார். பிறகு கமிட்டி முழுவதையும் வரவழைத்தார். தேய்ந்த பேரிங்கை ஆளுக்கொரு தரம் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அதன்பின் ரோட்டில் கயிறு பிடித்தாற்போல் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார்.

சங்கத்தின் குறிப்பேட்டில் அழகப்பன் தம் கையாலேயே எழுதினார்: 'செயலாளர் தள்ளாடவில்லை. நான்கு பேரிங்குகள் தள்ளாடின.'

கௌரவம் மீண்டது. மங்களமும் பழையபடி பின்னால் ஏறிக்கொண்டாள். ஆனால் அந்தக் குறிப்பு எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, கள்ளுக்கடையிலிருந்து புருஷனைத் தோளில் தாங்கி இழுத்துவந்த ரத்தினம்மாவைக் கோவிந்தசாமி வழியில் நிறுத்தி, அவனைச் சங்கத்தில் சேர்த்துவிடச் சொன்னார். புருஷன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"குடியில்ல கிராணி," என்றான். "பேரிங்."