குழியில் போடாதவை

நஸ்ரின் கூண்டுக்குள் கையை விட்டு, காகத்தின் மேல் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்தாள். இருட்டானதும் அது கத்துவதை நிறுத்திவிட்டது. வாலைத் தூக்கி, பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை ஒரு நொடி உள்ளே விட்டு எடுத்தாள்; குச்சியைச் சின்னக் குழாயில் போட்டு மூடி எண் எழுதினாள். பிறகு செம்பனை மரங்களின் பக்கம் திரும்பிக் கையை விரித்தாள். காகம் திட்டிக்கொண்டே பறந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் அம்சவள்ளி வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்தக் கோழிப்பண்ணையில் அவளுக்குப் பதினோரு வருடம். காலையில் கோழிகளின் குடிதண்ணீர்த் தொட்டியில் அண்டிபயோட்டிக் மருந்துத் தூளைக் கரைப்பதும், கொட்டகைகளில் செத்துக் கிடக்கும் கோழிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் அவள் வேலை. முதலாளி வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அதனால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நஸ்ரின், காகங்களின் வயிற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்க, ஒரு வாரமாக வேலிக்கு வெளியேதான் கூண்டு வைத்துப் பிடித்தாள். கிள்ளான் நகரத்துப் பெண். வந்த முதல் நாளே அம்சவள்ளியை அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, செத்த கோழியெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"குழி இருக்கும்மா. போட்டு, சுண்ணாம்பு தூவி மூடிருவோம்."

"டெய்லியா?"

"டெய்லிதான்."

"பரவால்லக்கா, நல்லா செய்றீங்க. பாதி இடத்துல இதெல்லாம் யாரும் செய்றதில்ல." நஸ்ரின் அதைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

குழி இருந்தது உண்மைதான். கடைசிக் கொட்டகையையும் தாண்டி, சேற்றில் நடந்து போக வேண்டும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்றுவிடும். மூட்டுவலி வந்த பிறகு அம்சவள்ளி அவ்வளவு தூரம் போவதில்லை. பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால் கரையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு வருவாள். அரை மணி நேரத்தில் காகங்கள் துப்புரவாக முடித்துவிடும். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சிவநேசன் ஒரு தரம்கூட வந்து பார்த்ததில்லை. இப்படிச் செய் என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. அவளாகவே கண்டுபிடித்துக்கொண்ட சுலபம் அது. நஸ்ரினிடம் பொய் சொன்னதுகூட வேலை போய்விடும் என்ற பயத்தால் இல்லை. படித்த பெண் ஒருத்தி அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது, ஒழுங்காக வேலை செய்கிறவளாகத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து நஸ்ரின் மறுபடியும் வந்தாள். இந்த முறை முகத்தில் சிரிப்பு இல்லை. முப்பது காகங்களில் பத்தொன்பதின் வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறதாம். நாலைந்து வகை அண்டிபயோட்டிக் கொடுத்தும் சாகாத கிருமி.

"காக்காய்க்கு ஒண்ணும் பண்ணாதுக்கா. அது பாட்டுக்குப் பறக்கும். எங்கெங்கயோ போய் எச்சம் போடும். அதுலேருந்து மனுசனுக்கு வந்துச்சுன்னா, குடுக்குற மருந்து கேக்காது. அதான் பயம்."

"எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"இங்க நீங்க புதைச்சிர்றீங்கல்ல, அதனால பண்ணையிலேருந்து காக்காய்க்குப் போக வழியில்லன்னு எழுதிட்டோம். கீழ ஒரு வாத்துக் கொட்டாய் இருக்கு பாருங்க. அந்த வாத்துங்ககிட்டயும் அதே கிருமி இருக்கு. கால்நடை ஆப்பீசருங்ககிட்ட சொல்லியாச்சு."

வாத்துக் கொட்டகை பரீதாவுடையது. வாய்க்கால் பண்ணையின் பின்வேலியை ஒட்டி ஓடி, அவள் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. வாத்துகள் நாளெல்லாம் அதில்தான் கிடக்கும். அம்சவள்ளிக்கு உண்மை வாய் வரை வந்தது. "அப்படியாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆப்பீசர்கள் லோரியோடு வந்து நாற்பத்திரண்டு வாத்துகளையும் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலம் பரீதா ஒரு பிளாஸ்டிக் பையில் முட்டைகளோடு அம்சவள்ளி வீட்டுக்கு வந்தாள். பிரசவத்துக்கு அம்சவள்ளியை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனவள் அவள்தான். தீபாவளிக்கும் பெருநாளைக்கும் இரண்டு வீட்டுக்கும் தட்டு போய் வரும்.

"உப்புல ஊற வெச்சது, அம்சா. அவங்க வர்றதுக்கு முந்தியே போட்டது. நல்லா அவிச்சுத் தின்னு, ஒண்ணும் ஆவாது."

"எதுக்குக்கா எனக்கு..."

"வேற யாரு வாங்குவா? பரீதா வாத்து வியாதி வாத்துன்னு இந்தக் கம்பத்துல வீட்டுக்கு வீடு பேச்சு." அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒரு நாளு ஒரு மருந்து போட்டதில்ல அதுங்களுக்கு. தவிடும் நத்தையுந்தான். மருந்தே பாக்காத வாத்துக்கு மருந்து கேக்காத கிருமி எப்புடி வரும், சொல்லு? நீ பண்ணையில இருக்கிறவ, ஒனக்குத் தெரியும்."

அம்சவள்ளி தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைக்காமல் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை இறந்த கோழிகள் பதினான்கு. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு குழிவரை நடந்தாள். சுண்ணாம்பு மூட்டை கட்டிதட்டிப் போயிருந்தது. மண்வெட்டியால் உடைத்துத் தூவினாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலி கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது. இன்று புதைத்தால் போன வாத்துகள் வந்துவிடுமா? ஓய்வு நேரத்தில் நஸ்ரினுக்குப் போன் செய்தாள்.

நஸ்ரின் அன்று மத்தியானமே வந்தாள். அம்சவள்ளி அவளை வெளிப்புறமாகச் சுற்றி வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள். புல்லுக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்ன எலும்புகள். மண்ணைவிட எலும்புதான் அதிகம் தெரிந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு உடும்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது.

"எத்தன வருசமாக்கா?"

"மூணு. கொஞ்சம் கூடவே இருக்கும். நான் பொய் சொல்லிட்டேம்மா."

நஸ்ரின் கையுறை போட்டுக்கொண்டு குனிந்து மண் எடுத்தாள், தண்ணீர் எடுத்தாள். குழாய்களை மூடி ஒவ்வொன்றிலும் எண் எழுதினாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அம்சவள்ளிக்கு.

"நானும் நடந்து வந்து பாத்திருக்கணும்," என்றாள் நஸ்ரின் கடைசியில். "கேட்டு எழுதிக்கிட்டுப் போய்ட்டேன். ரிப்போர்ட்ட மாத்திரலாம். ஒங்க பேரு போட மாட்டேன். ஆனா இந்த வேலைய இங்க நீங்க ஒருத்திதான செய்றீங்க. மண்டோருக்குத் தெரிஞ்சிரும்லா."

"தெரியட்டும்."

"அந்த வாத்துக்கார அக்காகிட்ட நான் சொல்லவா?"

"வேணாம்மா. நானே சொல்றேன்."

வேலை முடிந்ததும் அம்சவள்ளி வீட்டுக்குப் போகாமல் நேரே பரீதா வீட்டுக்குப் பின்னால் போனாள். பரீதா கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காலிக் கொட்டகையின் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பீசர்கள் கொடுத்துவிட்டுப் போன மருந்தின் நெடி கண்ணை எரித்தது.

"வாத்துதான் இல்லியே, எதுக்குக்கா இதெல்லாம்?"

"கழுவி வெக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு வந்து பாப்பாங்க." பரீதா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்த. அந்த ரப்பர் குழாய புடி. நான் தேய்க்கத் தேய்க்க நீ தண்ணிய அடி."

அம்சவள்ளி குழாயைக் கையில் எடுத்தாள். "அக்கா," என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் பரீதாவுக்குக் கேட்கவில்லை. நுரை அவர்கள் இருவரின் கால்களையும் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் ஓடியது. அம்சவள்ளி குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்தாள். தண்ணீர் நின்றது. பரீதா துடைப்பத்தோடு திரும்பிப் பார்த்தாள். விரலுக்கடியில் குழாய் விம்மி உதறியது.