நாற்பத்தோராம் லெவல் நண்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் வினோதினி, பக்கத்தில் நான். அவள் கையில் போன், போனுக்குள் ஒரு நண்டு. அந்த நண்டைப் படைத்தவன் நான்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் போகிறது என்பது அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் நண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் என் நண்பன் முஹம்மது ஆசிக்கும் செம்மண்டலத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறோம். எங்கள் கேமில் நாயகி ஒருத்தி துறைமுகக் கரையில் வெறுங்கையோடு வந்து இறங்குவாள். ஊர் ஊராக நடந்து, லெவல் மேல் லெவலாக ஏறி, கடைசியில் கொள்ளிடத்து முதலையோடு மோதுவாள். கரையில் கால் வைத்ததும் வரும் முதல் எதிரி நண்டு. உள்ளங்கை அளவு நண்டுதான். ஆனாலும் புதிதாக விளையாட வருகிறவர்களை இரண்டு மூன்று தடவையாவது சாகடித்துவிட்டுத்தான் விடும்.

எனக்கும் ஆசிக்குக்கும் சண்டையே இந்த நண்டால்தான். விளையாடுகிறவர் லெவல் ஏற ஏற, எதிரிகளும் கூடவே ஏற வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் பாதி கேமுக்கு மேல் எல்லாரையும் ஒரே அடியில் சாய்த்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஆசிக் இதற்கு நேர் எதிர்.

"மச்சான், கஷ்டப்பட்டு லெவல் ஏறுறதே எதுக்கு? அன்னைக்கு நம்மள அடிச்சவன்கிட்ட திரும்பிப் போயி ஒரு தட்டு தட்டத்தான். அவனும் கூடவே வளந்துட்டா, நாம எதுக்குடா வளரணும்" என்பான்.

"நண்டுன்னா அவ்வளவு எளக்காரமா? அதுவும் ஒழைச்சு முன்னேறட்டும்" என்பேன் நான்.

கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். புரோகிராம் எழுதுவது அவன் என்றாலும் தொண்டை எனக்குப் பெரியது.

வினோதினி கடலூரில் பிசியோதெரபிஸ்ட். என்னைக் கட்டிக்கொள்ள அவளுக்குப் பூரண சம்மதம். சிதம்பரத்தில் இருக்கும் அவள் அத்தை மலர்க்கொடியிடம் சொல்வதற்குத்தான் பயம். அப்பாவின் அக்கா, ஆறாம் வகுப்பிலிருந்து அவர் வீட்டில் தங்கித்தான் அவள் படித்தாள். தொண்ணூறு மார்க் வாங்கினால், "நூறு ஏன் வாங்கல?" நூறு வாங்கினால், "மாவட்டத்துல எத்தனாவது?" வேலை கிடைத்தது, "கவர்மெண்ட் வேலையா?" ஸ்கூட்டர் வாங்கினாள், "கார் ஓட்டத் தெரியுமா?"

"நான் எவ்வளவு ஏறுனாலும் அவுங்க கூடவே ஏறி வந்து நிப்பாங்க, அறிவு" என்று ஒருமுறை என் பெயரைச் சொல்லி அலுத்துக்கொண்டாள். நானும் பாவம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நண்டை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேமை முதன்முதலாக விளையாடியபோது நண்டு அவளைக் கொன்று கொன்று போட்டது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "இருடா, ஒரு நாள் வந்து உன்ன கவனிச்சுக்கறேன்" என்று நண்டிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நண்டைச் சுற்றி ஓடித் தப்பித்து அவள் விளையாடிய விளையாட்டெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் என்பதை இன்றைக்கு முதுநகர் தாண்டும்போதுதான் சொன்னாள்.

"இப்ப நான் நாப்பத்தோராவது லெவல். கரைக்குத் திரும்பிப் போறேன். நண்ட அடிச்சுட்டா, அத்தைகிட்ட இன்னைக்கே நானே நம்ம விஷயத்த சொல்லிடறேன். முடியலன்னா, அங்க நீ வெறும் ஃப்ரெண்டு."

"நண்டுக்கும் நம்ம கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்கயாவது ஒரு எடத்துல ஜெயிச்சுட்டுப் போனாதான் எனக்கு அவுங்க முன்னாடி வாய் தெறக்கும்."

"நாப்பத்தொண்ணா? அதுக்குள்ள எப்படி ஏறுன?"

"சாப்ட்டேன்" என்றாள்.

நாங்கள் பண்ணிய கோளாறு அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தவர்களுக்குச் சோறு போடாத வீட்டைக் கேமில்கூட வைக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும், "சாப்ட்டுப் போம்மா" என்று இலை போடுவார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் பாயிண்டும் ஏறும். சோதித்துப் பார்க்கும்போது எங்களுக்கு அவசரம், ஒரு வீட்டிலும் உட்காரவில்லை. வினோதினி வளர்ந்த விதம் வேறு. கூப்பிட்டவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வீடு வீடாகச் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டே நாற்பத்தோராம் லெவலுக்கு வந்துவிட்டாள்.

"சண்டையே போடலயா?"

"எல்லாரும் அவ்வளவு அன்பா கூப்புடறாங்க. அத வுட்டுட்டு யாரப் போயி அடிக்கறது?"

ஆக, அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு குத்து. கரையில் காத்திருக்கும் நண்டுக்கும் இப்போது நாற்பத்தோராம் லெவல். அது சாப்பிட்டு ஏறவில்லை, கொடுக்கின் பலத்தில் ஏறியிருக்கிறது.

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஆசிக்குக்கு மெசேஜ் போட்டேன். உடனே நண்டைப் பழைய லெவலுக்கு இறக்கு, என் வாழ்க்கைப் பிரச்சினை. பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றபோது அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. மெதுவாகக் கேட்கலாம் என்று தட்டினால், போன் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது.

"எறக்கிடலாம் மச்சான். ஆனா அன்னைக்கு என்னா கத்து கத்துன. நண்டு வளரக் கூடாது, ஆசிக் சொன்னதுதான் ரைட்டுன்னு ஒன் வாயால சொல்லி அனுப்பு. சத்தமா சொல்லு."

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் பெரிதா மானம் பெரிதா என்று யோசிக்க நேரமில்லை. போனை வாயருகே வைத்துக்கொண்டு சொன்னேன். "நண்டு வளரக் கூடாது. ஆசிக் சொன்னதுதான் ரைட்டு."

"யாரு தம்பி வளரக் கூடாது?" என்றார் கண்டக்டர்.

"நண்டு சார்."

"அது கெடக்குது. பையைக் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வினோதினி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "நண்டும் இப்ப நாப்பத்தொண்ணா?"

"ஆமா."

"அப்படி வளர வச்சது யாரு?"

"நான்தான்."

புதுச்சத்திரம் வரைக்கும் அவள் திரையில் இருந்த நண்டையே வெறித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீயும் எங்க அத்தையும் ஒரே கட்சி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் இத்தனை வருஷம் பட்டதைத்தான் நான் கேம் என்று எழுதி அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அதுவும் ரசித்து ரசித்து.

அதற்குள் ஆசிக் புது அப்டேட்டைப் போட்டுவிட்டான். "இத போட்டுக்க, நண்டு சின்னதாயிடும்" என்று கெஞ்சினேன்.

"எனக்காக யாரும் கொறச்ச நண்டு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பழைய நண்டோடேயே மோதினாள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் ஒருமுறை செத்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் நடுவில் நின்றபடி இன்னொருமுறை செத்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா ஃப்ரெண்டு, போலாம்" என்றாள்.

அத்தை வீடு கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில். நான் எதிர்பார்த்தது ஆறடி உருவம். கதவைத் திறந்தவர் வினோதினியின் தோளுக்குத்தான் வந்தார். உட்காரவைத்து, சூடாக இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார். கிளினிக் எப்படிப் போகிறது? நன்றாகப் போகிறதா, அப்படியென்றால் சொந்தமாக ஒன்று ஏன் வைக்கவில்லை? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி மேலே அடுத்த கேள்வி. என் நண்டுகூட இவ்வளவு நேர்த்தியாக ஏறாது.

"இவரு யாரு?"

"ஃப்ரெண்டு" என்றாள் வினோதினி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"வரும்போதே ரெண்டு பேரும் மொகத்த தூக்கி வச்சிருந்தீங்களே, என்ன சண்ட?"

"நான் செஞ்ச கேம்ல ஒரு நண்டு இருக்குங்க. அத இவுங்களால அடிக்க முடியல" என்றேன்.

"நண்டயா? ஒரு நண்ட அடிக்க முடியலயா? குடு இங்க."

வினோதினி புது ஆட்டம் ஒன்றை ஆரம்பித்து போனை நீட்டினாள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையில் இறங்கினார். நண்டு கொன்றது. "கை வழுக்கிடுச்சு" என்றார். மறுபடி கொன்றது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் கொன்றது.

"இருக்கட்டும். நான் நல்லா பெரிய ஆளாகிட்டு வந்து இத நசுக்கறேன்."

"நீங்க ஏறுனா அதுவும் ஏறும் அத்தை" என்றாள் வினோதினி.

"அது எப்படி?"

"நீங்க நாப்பதுன்னா அதுவும் நாப்பது. நீங்க அம்பதுன்னா அதுவும் அம்பது."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்ன அநியாயமா இருக்கு. நாம பாடுபட்டு மேல வருவோமாம், அது நோகாம கூடவே வருமாம். அப்புறம் மனுஷன் என்னைக்குத்தான் ஜெயிச்சு ஓஞ்சு உக்கார்றது? எவன் வச்ச ரூலு இது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வினோதினி குனியவில்லை.

"இதத்தான் அத்தை, இத்தன வருஷமா உங்ககிட்ட நான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

அத்தை போனைக் கீழே வைத்தார்.

"நானா அப்படி?"

"நீங்கதான்." அதோடு அவள் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். இவரு வெறும் ஃப்ரெண்டு இல்ல. இவரைத்தான் கட்டிக்கப் போறேன்."

நண்டை அடிக்காமலே சொல்லிவிட்டாள். எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது எனக்கு. மடியில் தட்டு இருந்ததால் ஆடவில்லை.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க மொதல்ல அந்த நண்ட எறக்குங்க. அப்புறம் பேசலாம்."

"எறக்கியாச்சுங்க" என்றேன்.

"இப்ப போட்டுக்கறேன். ஜெயிக்கறதுக்கு இல்ல, சும்மா ஆசைக்கு" என்று வினோதினி அப்டேட்டைத் தட்டினாள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். நாற்பத்தோராம் லெவல் நாயகி, வீடு வீடாகச் சாப்பிட்ட பலத்தோடு கரையில் இறங்கினாள். நண்டு ஓடி வந்தது. ஒரே குத்து. மல்லாந்து, சுழன்று, எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு கடலுக்கு மேல் பறந்து போய் விழுந்தது.

அத்தை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வினோதினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கேமை விளையாடி ஒருவரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆசிக் சொன்னதுதான் சரி. இந்தத் தடவை யாரும் கேட்காமலே அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "மச்சான், நண்டு அப்படியே இருக்கட்டும். முதலை மட்டும் வளரட்டும்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, தை மாசமே கல்யாணத்த வச்சுக்கலாம்" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. "அப்புறம், சொந்த வீடு எப்ப கட்டப் போறீங்க?"

வினோதினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டை நீட்டினாள்.

"அத்தை, இன்னும் ரெண்டு இட்லி வைங்க."